தேக்காவுக்குப் போகாத மூன்று தீபாவளிகள்

“தேக்கா களைகட்டிவிட்டது நேயர்களே! கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லை!”

ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒலிவாங்கி முன் அமர்ந்து உற்சாகமாக நான் சொல்வது இது. ஆனால், மூன்று தீபாவளிகளாக நான் அந்தப் பக்கமே போகவில்லை என்பது நேயர்களுக்குத் தெரியாது. ஏன் போகவில்லை என்பது அம்மாவுக்கும் தெரியாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஒரு கையில் புடவைப் பை, மறு கையில் முறுக்கு டப்பா. முன்னும் பின்னும் கூட்டம். திடீரென நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. மாரடைப்பு என்றே நினைத்தேன். எல்லாரையும் இடித்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்கு ஓடிவந்து டாக்சி பிடித்தேன். மறுநாள் பரிசோதித்த மருத்துவர், “இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்றத் தாக்குதல்” என்றார்.

நிம்மதி வந்தது, பயம் போகவில்லை. அடுத்த ஆண்டு அம்மா கூப்பிட்டபோது, “நிகழ்ச்சிப் பதிவு இருக்கும்மா” என்றேன். அதற்கடுத்த ஆண்டும் அதே பொய். மாலை நேர ரயில், ஆண்டிறுதியில் ஆர்ச்சர்ட் ரோடு என்று நான் தவிர்த்த இடங்கள் கூடிக்கொண்டே போயின.

இந்த ஆண்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒருநாள் காய் நறுக்கியபடியே சொன்னார்: “என்கூட மெதுவா நடக்க உனக்குப் பொறுமை இல்லம்மா. பரவாயில்ல, நான் எதிர்வீட்டுக்காரங்களோட போய்க்கிறேன்.”

மூன்று ஆண்டுகளாக அம்மா இப்படித்தான் நினைத்திருக்கிறார்! அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மனநல ஆலோசகரைப் பார்க்கவும் நேரம் வாங்கினேன்.

ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் இந்த வகை பயத்துக்கு 1871ஆம் ஆண்டில் ‘அகோராஃபோபியா’ என்று பெயர் வைத்தாராம். ‘அகோரா’ என்றால் கிரேக்க மொழியில் சந்தைத் திடல். தேக்காவுக்குப் பயந்த எனக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஆலோசகர் விளக்கியது எளிமையானது. பயம் வந்ததும் ஓடினால், ‘ஓடியதால்தான் பிழைத்தோம்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஓடாமல் நின்றால், பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டுத் தானாக இறங்கும். அதை மூளை நேரில் பார்க்க வேண்டும். ஆனால், ஒரேயடியாக அல்ல, படிப்படியாக.

முதல் படி, வார நாள் காலையில் தேக்கா சந்தையில் பத்து நிமிடங்கள். கீரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அடுத்து, மாலை நேர ரயிலில் இரண்டு நிறுத்தங்கள். பிறகு வெள்ளிக்கிழமை மாலையில் பஃப்ளோ ரோடு. அங்கே படபடப்பு வந்தது. பூக்கடை ஓரமாக நின்று, மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். கைகள் நடுங்கின. ஆனாலும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் மல்லிகை வாசம் தெரிந்தது. அப்போதுதான் பயம் இறங்கியதை உணர்ந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு, அம்மாவும் நானும் கேம்பல் லேனுக்குப் போனோம். நடுவில் ஒருமுறை எனக்கு மூச்சு முட்டியது. அம்மாவிடம் சொன்னேன். “எனக்கும் கால் வலிக்குது, நிப்போம்” என்றார். நின்றோம். பிறகு அகல் விளக்கும் அதிரசமும் வாங்கினோம். நாற்பது நிமிடங்கள் இருந்தோம்.

பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆர்ச்சர்ட் ரோடு விளக்குகளைப் பார்க்கப் போகிறோம். அது என் அடுத்த படி.

பண்டிகைக் காலத்தில் உங்கள் வீட்டில் யாராவது “வேலை இருக்கு” என்று ஒதுங்கினால், கோபப்படுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒதுங்குபவர் நீங்கள் என்றால், ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால், 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

தீபாவளியன்று காலை நிகழ்ச்சியில், “நேற்று கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லை” என்றேன். இந்த முறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.