டர்பன் அக்கா பாடியில் இருந்த நாட்கள்

24 ஜூலை 2025, வியாழன்

வியாழனும் ஆடி அமாவாசையும் சேர்ந்து வந்ததால் பாடியின் திருவலிதாயம் கோவிலில் விடியற்காலையிலேயே கூட்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்திருக்கும் அக்காவை அழைத்துப் போனேன். மகனோடு வேலை பார்ப்பவரின் அம்மா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. சம்பந்தர் பாடிய தலம் என்றதும் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த தேவாரம். குரு சன்னதி வரிசையில் நின்றபடியே தாளம் பிசகாமல் பாடினார். முன்னால் நின்ற பாட்டி திரும்பிக் கும்பிட்டார்.

25 ஜூலை, வெள்ளி

அக்கா தன் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாகப் போன கப்பலின் பதிவேட்டு நகலைக் காட்டினார். வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். ஜில்லா செங்கல்பட்டு. ஊர்ப்பெயர் எழுத்துச் சிதைந்து கிடக்கிறது. எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. பாடியும் அன்று செங்கல்பட்டு ஜில்லாதான். அதைச் சொன்னதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனைச் சேர்ந்தது. அப்போது இங்கே துறைமுகமே கட்டப்படவில்லை. மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி. அந்த வரியையும் எதிர்த்து நடந்தது 1913 போராட்டம். அதில் சிறை சென்று வந்து 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில் என்பது பலருக்குத் தெரியாது.

27 ஜூலை, ஞாயிறு

தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். சொம்பில் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை. அக்கா இரண்டாம் முறையும் சொம்பை நீட்டினார். டர்பனிலும் இதே மாதம் மாரியம்மனுக்குக் கூழ் உண்டாம். மக்காச்சோள மாவில், மோர் விட்டு. 

நிறவெறிச் சட்டத்தால் இந்தியர்களை நகரத்திலிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த் என்ற புறநகரில் குடியமர்த்தினார்கள். அக்கா வளர்ந்தது அங்கேதான். மொழி போன பிறகும் கூழ் போகவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

28 ஜூலை, திங்கள்

அம்பத்தூர் மச்சான் சுற்றுலாக் கம்பெனியின் தென்னாப்பிரிக்கத் திட்டத்தோடு வந்தார். ஜோகன்னஸ்பர்க், சன் சிட்டி, க்ரூகர் காடு, கேப் டவுன். மோசம் என்று சொல்ல மாட்டேன். க்ரூகர் ஏறக்குறைய 20,000 சதுர கி.மீ. காடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து, விலங்குகள் தண்ணீர் தேடி வரும் காலம் பார்ப்பதற்குத் தோது. கேப் டவுனில் 1,086 மீட்டர் உயர டேபிள் மலை. எதிரே கடலில், மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்ட ராபன் தீவு. ஆனால் திட்டத்தில் டர்பன் இல்லை. தமிழன் அந்த நாட்டுக்குப் போய் நேட்டாலைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை, சொல்லியும் விட்டேன்.

அக்கா தாளை வாங்கி ஓரத்தில் எழுதினார். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம். 1904இல் அவர் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு. பக்கத்திலேயே, 1994இல் மண்டேலா முதல்முறை ஓட்டுப் போட்ட ஒஹ்லாங்கே பள்ளி. வெள்ளைக் காண்டாமிருகத்தை அழியவிடாமல் காப்பாற்றிய ஹ்லுஹ்லுவே காடு. ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக் குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' சாப்பிட ஒரு மதியம். கடைசியாக, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழா. அதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அடுத்த ஆண்டு புனித வெள்ளி ஏப்ரல் 3. மச்சான் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டு, சன் சிட்டியை எடுத்துவிட்டு டர்பனில் மூன்று ராத்திரி போடச் சொன்னார்.