உளியின் முதுகு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரப் பட்டறைகளில் உருவாகும் சிற்பங்களுக்கு அந்தப் பெயர் உரியது. செய்தியைப் படித்த நாளிலிருந்தே போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அதற்கு வழி செய்தவர் ஒரு நண்பர். சென்னையில் கணினி வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் மரம் செதுக்குகிறவர். அழகான பெட்டியில் வரிசையாக அடுக்கிய உளிகள் வாங்கி வைத்திருந்தார். கட்டையில் வைத்து அடித்தால் மரம் பிய்ந்து வந்ததே தவிர, வெட்டு விழவில்லை. இன்னும் விலை கூடிய உளி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரோடு சின்னசேலத்துக்குப் பேருந்து ஏறினேன்.

சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் ஆத்தூரைத் தாண்டினால் இடப்பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். மலை அருகில் இருப்பதால் மரமும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்த பட்டறையின் பெரியவர் முதல் பேச்சிலேயே அதைத் திருத்தினார். "அது காப்புக்காடு சார், ஒரு கிளை தொட முடியாது. எங்களுக்கு வர்றதெல்லாம் பட்டா நிலத்து மரம், மில்லுல வாங்குறது." வாகை, தூங்குமூஞ்சி, மா, வேம்பு, தேக்கு என்று கட்டைகள் தகரக் கொட்டகையின் கீழ் அடுக்கியிருந்தன. அடுக்கில் எல்லாக் கட்டைகளின் வெட்டுமுனையிலும் சாணம் பூசியிருந்தது. ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அது சீராக இல்லாவிட்டால் கட்டை வெடிக்கும். சாணத்துக்குப் பதில் மெழுகோ பழைய பெயின்டோ பூசினாலும் போதும். நடுத்தண்டு உள்ள கட்டையையும், வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பாகத்தையும் அவர் சிலைக்கு எடுப்பதில்லை. முன்னது பிளக்கும், பின்னதில் வண்டு விழும்.

நண்பர் பெட்டியைத் திறந்தார். பெரியவர் ஓர் உளியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராக, முனை தன் பக்கம் இருக்கும்படி பிடித்தார். முனை நெடுக மெல்லிய வெள்ளைக்கோடு மின்னியது. "மின்னுதா? அப்போ மொட்டை. கூரா இருந்தா வெளிச்சம் நிக்க இடமிருக்காது."

பிறகு மதியச் சாப்பாடு வரை தீட்டும் வேலைதான். தட்டை உளியை எடுத்து, எல்லோரும் முனையின் சரிவைத்தான் தீட்டுகிறார்கள், மறுபக்கத்துத் தட்டை முதுகை விட்டுவிடுகிறார்கள் என்றார். சரிவும் முதுகும் சேரும் கோடுதான் கூர். முதுகில் சாணைச்சக்கரத்தின் வரிகள் இருந்தால் கூரிலும் அந்த வரிகளின் பல் இருக்கும். எண்ணெய்க்கல்லில் முதுகைப் படுக்க வைத்து, முனையை ஒட்டிய ஒரு விரல் அகலம் கண்ணாடியாகும் வரை தேய்த்தார். அதற்குப் பிறகே சரிவு. கொட்டாப்புளியால் அடித்து வாகையைக் குடைகிற உளிக்கு ஏறக்குறைய 30 பாகை. கையால் தள்ளிச் சீவுகிற உளிக்கு அதைவிடச் சாய்வாக, 25 பாகை. அவர் பாகை சொல்லவில்லை, விரலை மடக்கிக் காட்டினார். நண்பர் அளந்து பார்த்தார். தேய்க்கத் தேய்க்க முதுகுப் பக்கம் பிசிறு எழும். பிசிறு முனை முழுக்க எழுந்தால்தான் தீட்டு முனை வரை போயிருக்கிறது என்று பொருள். முதுகை ஒருமுறை கல்லில் படுக்க இழுத்து, பிறகு பழைய தோல் பட்டையில் பின்னோக்கி இழுத்ததும் பிசிறு உதிர்ந்துவிட்டது.

மின்சாரச் சாணையில் பிடிக்கும்போது முனை நீலமானால் அந்த இடத்தில் இரும்பு மென்மையாகிவிட்டது. அதைத் தேய்த்துத் தள்ளும் வரை கூர் நிற்காது. அதனால் உறை போடாத விரலை முனைக்கு அருகில் வைத்துப் பிடிக்கிறார். விரல் சுட்டால் உடனே தண்ணீர்.

அவருடைய உளிகள் எவையும் கடை உளிகள் இல்லை. கச்சிராயப்பாளையம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில் அடித்தவை. மறுநாள் அங்கேயும் போனோம். கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலையாளிப் பழங்குடி மக்கள் கொடுவாளும் களைக்கொத்தும் அடித்துப் போகும் இடம். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி, காய்ச்சி, தட்டி உளியாக்குகிறார் கொல்லர். செக்கச் சிவந்ததை எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் கடினம் வருகிறது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கமிருந்து மறுபடி சூடேற்றுகிறார். நிறம் முனையை நோக்கி ஓடி வரும். முனையில் வைக்கோல் நிறம் வந்த நொடியில் தண்ணீரில் விடவேண்டும். இதுதான் துவைச்சல். கண் சிமிட்டினால் நீலம்.

பெரியவர் சின்ன வயதில் மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, மாதக்கணக்கில் உளி தீட்டும் வேலை மட்டும்தான் கிடைத்ததாம். அழுதிருக்கிறார், ஓடியும் போயிருக்கிறார். இப்போது அவருடைய மகன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். "வர வேணாம்னு நான்தான் சொன்னேன்." சிலையின் உறுப்பளவுகளுக்கான தாளக் கணக்கை விளக்கத் தொடங்கியவர் மகன் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டார். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கட்டையை மில்லில் வாங்கிக் கொடுப்பவர் வியாபாரி, முன்பணமும் அவரே. கூலி அடிக்கணக்கு. சிலை எந்த ஊரில், என்ன விலைக்குப் போகிறது என்று செய்தவருக்குத் தெரியாது. முன்பணம் தீராததால் வேறு ஆளுக்குச் செய்துதர முடியாது. இதற்குப் புவிசார் குறியீடு மருந்தாகும் என்றுதான் நம்பினேன். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டியபோது நம்பிக்கை கோபமானது. குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தச் சட்டம் 'உற்பத்தியாளர்' என்பதற்குத் தரும் வரையறையில், பொருளைச் செய்பவரோடு அதை வணிகம் செய்பவரும் அடக்கம். உளியைத் தொடாதவருக்கும் அதே தகுதி! மனு எழுத ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர் முந்திக்கொள்வார். பட்டறைக்கே வந்து பெயர் எழுதிக்கொள்ளும் அதிகாரி ஒருவராவது வேண்டும். கைவினைஞரின் பெயர் பொறிக்காத சிலையைக் குறியீட்டோடு விற்கக் கூடாது என்று விதி வரவேண்டும்.

வீட்டில் செதுக்குகிறவர்களுக்குப் பெரியவர் சொன்ன இரண்டையும் சேர்த்துவிடுகிறேன். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

சிலை வேண்டுமென்றால் சின்னசேலத்துக்கே போய், செதுக்குகிறவரின் கையில் பணத்தைக் கொடுத்து வாங்குங்கள். தீட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் அன்றைய கூலியை முதலில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். உங்களுக்காக அவர் கொட்டாப்புளியைக் கீழே வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய அடிக்கூலியில் குறைகிறது.