கரிசல் சீமையில் ஒரு படகுப் பேச்சு

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் புறப்பட்டால், இரு புறமும் கரிசல் காடும் சீமைக் கருவேலமுமே வழித்துணை. வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணைப் பார்ப்பவருக்குப் படகின் நினைவு வர நியாயமில்லை. ஆனால் நாம் சென்ற தினத்தில் படகைத் தவிர வேறு பேச்சு நம் காதில் விழவில்லை!

திருச்சுழி, ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். சுந்தரரின் பாடல் பெற்ற ஸ்தலம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் பூமிக்குள் சுழித்து இறங்கச் செய்த இடம் என்கிறது ஸ்தல புராணம். ஊரின் பெயரிலே இவ்வளவு தண்ணீர் இருக்க, குண்டாற்றில் நாம் கண்டது மணல்தான்.

திருமேனிநாதரைத் தரிசித்துவிட்டு வெளியே மர நிழலில் அமர்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவரும் அவர் பேத்தியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தேக்கடிக்கு அழைத்துப் போகிறார்களாம். பணம் கட்ட அன்றே கடைசி நாளாம். பெரியவர் மடியை அவிழ்ப்பதாயில்லை. நீந்தத் தெரியாத பெண்ணைப் படகில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"தம்பி, நீங்களே சொல்லுங்கள்" என்று நம் பக்கம் திரும்பினார். "மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், ஏரில் பூட்டி ஓட்டிப் பார்க்கிறோம். மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையை நடந்து பார்க்கிறோம். பிள்ளைகளை ஏற்றுகிற படகை ஒருத்தரும் பார்க்க வேண்டாமா?"

பார்ப்பதற்கு ஆள் உண்டு என்றோம். சர்வேயர் என்றால் நம் பக்கத்தில் நிலம் அளப்பவர். படகுக்கும் சர்வேயர் இருக்கிறார். படகைக் கரையேற்றி, நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். உளுத்த பலகை தன் ஓசையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அமைதியான நீரில் படகை மிதக்கவிட்டு, எடை தெரிந்த பாரங்களை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்துவார். அப்போது தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே குண்டுதான்! படகு எவ்வளவு சாய்வைத் தாங்கும், எத்தனை பேரை ஏற்றலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

"வைக்கோல் பாரம் உயர்ந்தால் வண்டி குடை சாயுமே, அதுதானே?" என்றார் பெரியவர். அதுவேதான்.

தேக்கடி ஏரி, வைகைக்குத் தண்ணீர் திருப்புவதற்காக 1895-இல் முடிந்த பெரியாற்று அணையால் உண்டானது. அந்த ஏரியில் 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி, இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். படகோ அப்போதுதான் புதிதாக விடப்பட்டது. அளவுக்கு மேல் ஜனங்களை ஏற்றியிருந்ததோடு, படகின் அமைப்பிலேயே குறை இருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் ஜில்லா தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடி படகைத் திருத்தி உல்லாசப் படகாக்கியது. குழந்தைகள் உட்பட 22 பேர் போனார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. நீராவிப் படகுகளைப் பரிசோதிக்க 1917-லேயே சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2021-இல் உள்நாட்டு நீர்க்கலச் சட்டம் வந்திருக்கிறது. எனினும் படகில் கால் வைக்கும் நாம் கேளாதிருந்தால், அத்தாட்சிப் பத்திரம் காகிதமாகவே கிடக்கும். கரையோரத்துப் பிள்ளைகள் தண்ணீரோடு பழகினவர்கள். வறண்ட சீமையிலிருந்து போகும் நம் பிள்ளைகளுக்குப் படகு புதிது, ஆழமும் புதிது. ஆகையால் நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

பேத்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நாம் சொல்லச் சொல்ல எழுதினாள்: பரிசோதனைப் பத்திரம் எந்தத் தேதி வரை செல்லும்? எத்தனை பேருக்கு அனுமதி? ஏறியவர்கள் எத்தனை பேர்? ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா? யானையைக் கண்டாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது என்பதையும் அடியில் சேர்த்துக்கொண்டாள்.

பெரியவர் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இதை உன் வாத்தியாரிடம் காட்டு. பதில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடு" என்று சொல்லி, மடியை அவிழ்த்தார்.