பெல்மதுளையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

இரத்தினபுரியிலிருந்து பதுளை போகும் பாதையில் பெல்மதுளைச் சந்தியில் இறங்கி, இறப்பர் தோட்டமொன்றின் லயத்துக்கு வந்திருக்கிறேன். காலைச் சாப்பாடு ரொட்டியும் கட்டச் சம்பலும். மாவைப் பிசைந்தபடியே வீட்டுக்கார அக்கா கேட்டார்: "சண்டைக் காலத்துல பட்டாளத்துக்கு ஆக்கிப் போட்டவங்களத் தேடுறீங்களாமே, அண்ணே?"

அவர் கையிலிருந்த மாவுக்கும் அந்தச் சண்டைக்கும், அதாவது இரண்டாம் உலகப் போருக்கும், தொடர்பு உண்டு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா இறப்பர் ஜப்பானியரிடம் போனதால், நேச நாடுகள் இலங்கை மரங்களை நம்பின. சப்ரகமுவத் தோட்டங்களில் மரம் தாங்குமா என்று பாராமல் பால் வெட்டினார்கள். மார்ச்சில் ரங்கூனும் விழ, பர்மா அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்குப் போனது. கோதுமை மா லயத்து அடுப்புக்கு வந்தது. பட்டாளத்து லொறி டயருக்குப் பால் வெட்டியவர்களும் போரின் பின்வரிசையில் நின்றவர்கள்தான்.

இங்கே நிலைகொண்ட இந்தியத் துருப்புகளுக்கும் பர்மா எல்லைக்குப் போன படைகளுக்கும் சோறாக்கியவர்கள் யார்? படைக் கணக்கில் சிப்பாய்கள் அரிசி உண்பவர், ஆட்டா உண்பவர் என்று பிரிந்திருந்தார்கள். சென்னை மாகாணத்தானுக்குச் சோறு வேண்டும், பஞ்சாபிக்குச் சப்பாத்தி வேண்டும். காட்டு மழையில் விறகு நனைந்திருக்கும். ஆனாலும் எதிரி விமானத்தின் கண்ணில் புகை படக் கூடாது. ஈர விறகில் புகையில்லாமல் ஒரு கம்பெனிக்கே ஆக்கிப் போடுவது என்ன பாடு என்று, விறகடுப்பில் வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏட்டில் இந்தச் சமையற்காரர்கள் போரிடாதவர்கள்; சம்பளமும் சிப்பாயைவிடக் குறைவு. 1944 பெப்ரவரியில் பர்மாவின் அரக்கானில், சின்ஸ்வேயாவிலிருந்த நிர்வாக முகாமை ஜப்பானியர் சுற்றி வளைத்தபோது, எழுத்தர்களோடும் கோவேறு கழுதை ஓட்டிகளோடும் சமையற்காரர்களும் காவலுக்கு நின்றார்கள். முகாம் விழவில்லை. பர்மாவில் படையை நடத்திய தளபதி ஸ்லிம் 1956இல் அந்தப் போரைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். அந்தப் படைக்குச் சமைத்த தமிழர் ஒருவர் எழுதிய ஒரு பக்கத்தையும் நான் இதுவரை கண்டதில்லை. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

உன் ஊர்ப்பக்கம் பட்டாளத்தில் சமைத்த தாத்தாவின் பேச்சு அடிபடும் வீடு ஏதாவது இருந்தால், போய் உட்கார்ந்து கேள். எந்தப் பாத்திரத்தில் ஆக்கினார், அரிசி தீர்ந்த நாளில் என்ன செய்தார், கடைசியாக யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்பு. தாமதிக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்