கார் நிழலுக்காக வெட்டிய வேர்

எங்கள் பின்வளவில் நின்ற ஆபிரிக்க மகோகனி மரத்தைப் போன வருஷம் இறக்கினோம். காற்று விழுத்தவில்லை. கெடுத்தது நான்தான். ஆனால் அது வெளியில் தெரிய இரண்டு வருஷம் எடுத்தது.

டார்வினில் இருக்கிறவர்களுக்கு இந்த மரத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன். 1974 கிறிஸ்மஸ் அன்று விடியற்புறம் ட்ரேசி சூறாவளி இந்த நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. பிறகு கெதியாய் நிழல் வேண்டுமென்று தெருத்தெருவாக மகோகனி நட்டார்கள். மரம் வளர்ந்தது. வேர் ஆழம் போகாமல் மேலோடு பரவியது. 2018 மார்ச் 17 மார்க்கஸ் சூறாவளி வந்தபோது, வேரோடு புரண்ட பெரிய மரங்களில் மகோகனிதான் முன்னுக்கு நின்றது.

அடுத்த வருஷம் நாங்கள் வீடு வாங்கினோம். அப்பா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீடு நல்லம் மகன். அந்த மரத்தை வெட்டு." மரத்துக்குப் பக்கத்தில்தான் மகளின் அறை. அப்பா மட்டக்களப்பு. 1978 நவம்பர் சூறாவளியன்று அவருக்குப் பதினேழு வயது. விடிய வெளியே வந்தால் வளவுத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தனவாம். மார்க்கஸுக்கே விழாத மரம் இனி ஏன் விழப்போகுது என்று நான் அவரோடு வாதாடினேன். மகளுக்கு அதில் ஊஞ்சலும் கட்டிக் கொடுத்தேன்.

2021இல் கார் நிறுத்த ஒரு கொங்கிறீற் தளமும் கூரையும் போட நினைத்தேன். நிழல் தருகிற மரம் நிற்க, அதன் பக்கத்திலேயே காருக்கு நிழல் கட்டினேன்! கிடங்கு வெட்டியபோது என் தொடை மொத்தத்தில் இரண்டு வேர் குறுக்கே வந்தது. மெசின்காரர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வெட்டுங்கோ" என்றேன். அன்றைக்கு வேலை முடிய வேண்டும், பின்னேரம் எனக்கு ஒரு மீட்டிங். என் யோசனை அவ்வளவுதான்.

மரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதும் மென்பொருளில் பிழை இருந்தால் அன்றைக்கே திட்டு வாங்குவேன். மரம் அப்படியில்லை, இருப்பில் இருக்கிறதைச் சாப்பிட்டுக்கொண்டு பச்சையாகவே நிற்கும். 2023 கடைசியில், மழைக்கு முந்திய அந்தப் புழுக்கக் காலத்தில், கார் பக்கத்துக் கிளைகள் வெளிறத் தொடங்கின. அடியில் தட்டுத்தட்டாகக் காளான். ஒருநாள் காற்றில் அப்பா மரத்தடியில் குந்தியிருந்து கூப்பிட்டார். "மகன், மண் மூச்சு விடுது பார்." உண்மைதான். மரம் ஆட ஆட, ஊஞ்சல் பக்கத்து மண் மெல்ல எழும்பி எழும்பி இறங்கியது.

மரங்களைப் பரிசோதிக்கிற ஆர்பரிஸ்ட் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்த பெண்மணி அண்ணாந்தே பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்து, "இந்தக் கொங்கிறீற் எப்போது போட்டது?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வருஷத்தைச் சொன்னேன்.

அவர் காட்டிய கணக்கு சின்னது. நெஞ்சளவு உயரத்தில், அதாவது 1.4 மீற்றரில், அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்க வேண்டும். வருவதுதான் மரத்தைச் சுற்றித் தொடாமல் விட வேண்டிய வட்டத்தின் ஆரை. எங்கள் மகோகனி 80 சென்ரிமீற்றர், ஆகவே 9.6 மீற்றர். நான் வெட்டியது இரண்டு மீற்றரில். வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஒரு முழம் ஒன்றரை முழத்துக்குள்தான் ஓடுமாம். மரத்தைப் பிடித்து நிறுத்துகிற வேரையே நான் வெட்டியிருக்கிறேன். பிள்ளை படுக்கிற அறை பக்கத்தில் இருக்க, இதை வைத்திருக்கச் சொல்ல முடியாது என்றார்.

இறக்கிய செலவு, கார்க் கூரையின் செலவைவிடக் கூட. மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

போகமுதல் அவர் முன்பக்க மாமரத்தையும் பார்த்தார். சூறாவளிப் பயத்தில் அதை மொட்டையடிக்க நினைத்திருந்தேன். மார்க்கஸுக்குப் பிறகு எத்தனையோ வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். வேண்டாம் என்றார். மொட்டையடித்த இடத்தில் வருகிற புதுக் கிளைகள் உள்மரத்தோடு ஒட்டாமல் மேலோட்டமாகத்தான் பிடிக்கும், பிறகு அவைதான் முதலில் முறியும். பட்ட கிளையையும் ஒன்றோடொன்று உரசுகிற கிளையையும் மட்டும், காய் முடிந்த பிறகு எடுங்கள். கிளை தொடங்குகிற இடத்தில் ஒரு தடித்த வளையம் இருக்கும், அதைச் சீவாமல் அதற்கு வெளியே வெட்டுங்கள். வெட்டுவாயில் பெயின்ற் பூசுவது வீண்வேலை. மரத்தூளை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகப் பரப்புங்கள், அடிமரத்தில் மட்டும் முட்ட விடாதீர்கள். இங்கே உயிர் மாமரத்தையே உள்ளிருந்து கோறையாக்குகிற பெரிய கறையான் இருக்கிறது.

அரைத்த மகோகனித் தூளை அப்பாவும் மகளும் ஒரு சனிக்கிழமை முழுக்க வாளி வாளியாக மாமரத்தடியில் கொட்டினார்கள். பச்சை எறும்பு இரண்டு பேரையும் கடித்தது. மாமரத்தின் விட்டம் 50 சென்ரிமீற்றர். மகள் பெருக்கிப் பார்த்து, ஆறு மீற்றர் கயிறு பிடித்து, சோக்கட்டியால் வட்டம் கீறினாள். சோக்கு மழையில் அழிந்துபோனது, அப்பா கல் அடுக்கினார்.

போன கிழமை வேலையால் களைத்து வந்து, காரின் முன்சில்லைக் கல்லுக்கு உள்ளே விட்டுவிட்டேன். யன்னலுக்குள்ளால் அப்பாவின் சத்தம்: "மகன், வேரில நிக்கிறாய். காரைப் பின்னுக்கு எடு."