வாத்தியார் தந்த பிறந்தநாள்

நட்புக்கு அகவையில்லை. சனிக்கிழமைக் காலை, சுங்கை பாக்காப்பிலிருந்து முதியவர் மூவர் புறப்பட்டனர். தோட்டத்தில் உடன் வளர்ந்த நண்பர் பினாங்குத் தீவில் வாழ்கின்றார்; அவருக்கு எண்பதாவது பிறந்தநாள். 1985இல் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் கடல் கடப்பதே அவர்களுக்கு உவப்பு. இளமையில் நால்வரும் அவ்வாறே சென்றவர்கள்.

விருந்துண்டு, மாலையில் காற்று வாங்கக் கார்ன்வாலிஸ் கோட்டையருகே அமர்ந்தனர். 1786 ஆகஸ்டு 11இல், வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாளுக்கு முதல்நாள், பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயக் கொடியேற்றி, அவ்விளவரசரின் பெயரையே தீவுக்குச் சூட்டினார். இளவரசரின் பிறந்தநாளை வரலாறு மறக்கவில்லை. நண்பரோ ஜப்பானியர் ஆட்சியின்போது தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்த நாளைக் குறித்து வைத்தவர் எவருமிலர். பள்ளியில் சேர்த்தபோது தமிழாசிரியர் ஊகித்து எழுதிய நாளே இன்றுவரை அவருடைய பிறந்தநாள்.

“பொய்யான நாளுக்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா அப்பா?” என்றார் நண்பர், கண்கலங்க.

“வாத்தியார் போட்ட நாள், அது எப்படியப்பா பொய்யாகும்?” என்றார் மூவருள் மூத்தவர்.

ஞாயிறு மாலை பெரி துறையை விட்டு அகன்றது. கரையில் நின்ற நண்பரின் கை நெடுநேரம் அசைந்துகொண்டிருந்தது.

ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர், கொண்டாடுவதற்கு ஒரு நாளையும் அளித்துச் சென்றிருக்கிறார். அதனை மெய்யாக்கியவர்கள் நண்பர்கள்.