அயலானின் முகம்

விஞ்ஞானப் புனைகதை என்றதும் விண்கலங்களையும் கதிர்த் துப்பாக்கிகளையும் எண்ணுவோர் பலர். அதனைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென ஒதுக்குவோரும் உளர். வருங்காலக் கண்டுபிடிப்புக்களை முன்கூட்டியே உரைத்தமைக்காகப் போற்றுவோரும் உளர். இத்துறைத் தொலைக்காட்சித் தொடர்களை நெடுங்காலம் பார்த்தும் நூல்களைப் படித்தும் வந்த பார்வையாளர் ஒருவருக்கு இவ்விரு சாராரோடும் உடன்பாடில்லை. சொன்னது பலித்ததா என்று பார்ப்பது சோதிடனை மதிப்பிடும் முறையேயன்றி இலக்கியத்தை மதிப்பிடும் முறையன்று என்பது அவர் வாதம். வேற்றுலகத்து அயலானைக் கதை எவ்வாறு நடத்துகின்றது என்பதே அவர் கையாளும் அளவுகோல். அதனால் அளக்குமிடத்து, தொலைக்காட்சியும் நூலும் தத்தமக்கென வேறு வேறு வலிமையும் குறையும் உடையனவாகத் தோன்றுகின்றன.

இவ்வேறுபாட்டின் வேர் செலவிலே உள்ளது. 1966 இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில், கலத்திலிருப்போர் ஒரு கணத்தில் மறைந்து கிரகமொன்றின் தரையிலே தோன்றுவர். வாரந்தோறும் கலத்தைத் தரையிறக்கிக் காட்டுவதற்குப் பணம் போதாமையாற் பிறந்த உத்தி அது. எழுத்தாளனுக்கு இத்தொல்லை இல்லை. ஆதர் சி. கிளாக், 1979 இல் வெளியான ‘தி ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ நாவலில், விண்வெளிவரை எழும் மின்னுயர்த்தியை அமைப்பதற்காக, இலங்கையை ஒத்த ‘தப்ரபேன்’ தீவைப் பல நூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார். அதற்கு அவருக்கு வேண்டியிருந்தது பேனா ஒன்றே. எனினும் வறுமையைத் தொலைக்காட்சியின் குறையாக மட்டும் கொள்ள அப்பார்வையாளர் ஒருப்படார். பிரமாண்டங்களைக் காட்ட இயலாத தொடர், இருவரை ஓர் அறையில் நிறுத்திப் பேசவைக்க நேர்ந்தது. அப்பேச்சிலேதான் அத்தொடரின் சிறந்த பகுதிகள் பிறந்தன.

1969 ஜனவரியில் ஒளிபரப்பான ‘லெட் தட் பீ யுவர் லாஸ்ட் பட்டில்ஃபீல்ட்’ என்னும் பகுதி இதற்குத் தக்க சான்று. பீல், லோக்காய் என்னும் இருவர் கலத்துக்கு வருகின்றனர். இருவர் முகமும் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. ஒருவன் மற்றவனை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் துரத்தி வருகின்றான். கலத்துத் தலைவருக்கோ இருவரும் ஓரினத்தவராகவே தோன்றுகின்றனர். தன் முகத்தின் வலப்பக்கம் கறுப்பு, லோக்காயின் இனத்தவர்க்கு வலப்பக்கம் வெள்ளை என்று பீல் வியப்போடு சுட்டிக்காட்டுகின்றான். இறுதியில், அவர்களுடைய கிரகத்தில் எவரும் எஞ்சவில்லை, ஒருவரையொருவர் அழித்தொழித்தனர் என்பது தெரியவருகின்றது. அதன் பின்னரும் இருவரும் அப்பிணக்காட்டில் இறங்கித் தம் பகையைத் தொடர்கின்றனர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைவுறாத காலத்தில் அமெரிக்கர் இதனைக் கண்டனர். இரண்டு வண்ணப் பூச்சுக்கள் கொண்டு இத்துணை விரைவாக இனவெறியின் பேதைமையைக் காட்டுதல் நூலுக்கு எளிதன்று.

ஆயினும் அப்பார்வையாளருக்கு இப்பகுதிமேற் கடுமையான குறையொன்றுண்டு. தன் இனம் அடிமைப்படுத்தப்பட்டதை லோக்காய் எடுத்துரைக்கின்றான். அதனை மறுக்கத்தக்க சான்றெதுவும் கதையில் இல்லை. இருந்தும் முடிவில் ஒடுக்கியவனின் வெறுப்பும் ஒடுக்கப்பட்டவனின் வெறுப்பும் ஒரே தராசில் ஒரே நிறையாக நிறுக்கப்படுகின்றன. இருவரும் பேதைகள் என்று கூறிவிட்டால் கலத்திலிருப்போர் கவலையின்றித் தம் வழியே செல்லலாம். பகை எவ்வாறு தொடங்கிற்று, யாருக்கு எது மறுக்கப்பட்டது என்று கேட்பதற்கு ஒருமணி நேர நிகழ்ச்சியில் இடமில்லை. தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாப் பகையும் ஒன்றுபோலவே தோன்றும். அத்தொலைவை நடுவுநிலைமை எனப் பெயரிட்டழைப்பது எளிது.

அதே 1969 இல் ஊர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹாண்ட் ஒவ் டார்க்னஸ்’ நாவல் வெளிவந்தது. கெத்தன் என்னும் குளிர்க் கிரகத்தின் மக்கள் மாதத்திற் பெரும்பகுதி ஆணுமல்லர், பெண்ணுமல்லர்; சில நாட்களில் மட்டும் இரண்டில் ஒன்றாவர். அங்கு தனியனாகத் தூது செல்லும் ஜென்லி ஆய், தன்னை நம்பிய எஸ்ட்ராவெனை நம்ப மறுக்கின்றான். இருவரும் பனிப்பாலையை வாரக்கணக்காகக் கடந்து செல்கையிலேதான் அந்த ஐயம் கரைகின்றது. சில அத்தியாயங்களை எஸ்ட்ராவெனே எழுதுவதாக அமைத்தமையால், அயலான் யார் என்ற வினாவும் தலைகீழாகின்றது. வாசகனும் அப்பனியில் நடந்தேயாகவேண்டும், குறுக்குவழி இல்லை.

நூலொன்று தொலைக்காட்சிக்குப் பெயர்க்கப்படும்போது இவ்வேறுபாடு மேலும் துலக்கமாகின்றது. கிளாக் இலங்கையிற் குடியேறியது 1956 இல். அதற்கு முன்னரே, 1953 இல், அவருடைய ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ வெளியாகிவிட்டது. அதில் பூமியை ஆள வரும் வேற்றுலகத்தவர் ஐம்பது ஆண்டுகள் தம்மைக் காட்டாது மறைந்திருக்கின்றனர். பின்னர் வெளிப்படும் அவ்வுருவம் கொம்பும் சிறகும் வாலும் கொண்ட சாத்தானின் உருவமாகவே உள்ளது. முகத்தைக் காணுமுன்னரே செயலைக் கொண்டு அவர்களை எடைபோடும் கடமை வாசகனைச் சேர்கின்றது. 2015 இல் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பான தொலைக்காட்சி வடிவமோ முதற்பகுதியின் முடிவிலேயே அவ்வுருவத்தைக் காட்டிவிட்டது. இதனைப் பிழையென்று அப்பார்வையாளர் கூறுவதில்லை. தொலைக்காட்சி முகங்களின் கலை. முகத்தை நெடிது மறைத்தால் பார்ப்போர் எழுந்து சென்றுவிடுவர். ஆனால் நூலிலே தாமதமாக நின்ற ஒன்று, திரையில் அதிர்ச்சியாக மாறிவிடுகின்றது.

ஆதலின் எது சிறந்தது என்ற வினாவுக்கு அவர் ஒரு சொல்லில் விடை கூறுவதில்லை. இத்துறைக்குப் புதியவர்களுக்கு, முதலிற் பீலையும் லோக்காயையும் பார்த்துவிட்டு, அதன்பின் எஸ்ட்ராவெனின் பனிப்பயணத்தைப் படிக்குமாறே அவர் ஆலோசனை கூறுவார். பகைமையின் பேதைமையைக் கண்டு நகைக்க ஒருமணி நேரம் போதும். பகைவன் எனக் கருதப்பட்ட ஒருவனை அறிந்துகொள்ள அதனினும் நீண்ட காலம் வேண்டும். அக்காலத்தைத் தர நூல்களே இன்னும் முன்வருகின்றன.